ரேகை அழிந்த கை

"கையைக் காட்டு!" என்கிறான் கைரேகை பார்ப்பவன். காட்டிய கையிலே ஆயுளைக் காண்கிறான், செல்வத்தைக் காண்கிறான், வரப்போகும் மாப்பிள்ளையைக்கூடக் காண்கிறான்! "விரலை வை!" என்கிறது நியாயவிலைக் கடையிலுள்ள கருவி. வைத்த விரலின் ரேகையைப் படித்து, இவர் இன்னார், இவருக்கு அரிசி உண்டு என்று சொல்கிறது. முன்னது மூடநம்பிக்கை, பின்னது விஞ்ஞானம். ஆயினும் இரண்டுக்கும் முதலாக வேண்டியது ஒன்றே: கையிலே ரேகை இருக்கவேண்டும்!

ரேகையே இல்லாத கை ஒன்றை நாம் கண்டோம். சோதிடனிடமும் தோற்று, கருவியிடமும் தோற்றுத் திரும்பிய கை அது. அந்தக் கையைப் பற்றித்தான் தோழர்களிடம் பேச வந்திருக்கிறோம்.

நாம் பாடம் சொல்லும் எட்டாம் வகுப்பிலே ஒரு சிறுவன். கணக்கிலே கெட்டி, கையெழுத்தோ அச்சுக் கோத்தாற் போலிருக்கும். அவன் வாரத்தில் இரண்டு நாள் வராமலிருந்தான். பிறகு வாரத்தில் இரண்டு நாள்தான் வந்தான். ஏன் என்று கேட்டால் தலை குனிந்தானே தவிர, வாய் திறந்தானில்லை. ஒரு மாலைப் பொழுதில் அவன் வீடு தேடிச் சென்றோம்.

வாசலிலே அவன் தாய் அமர்ந்திருந்தார். கைகளை மடியில் கவிழ்த்து மறைத்திருந்தார். கட்டட வேலையிலே சித்தாள். பதினான்கு ஆண்டுகளாகச் சாந்துச் சட்டி சுமந்தவர். "கையை நீட்டுங்கள் அம்மா" என்றோம். கூச்சத்தோடு நீட்டினார். அந்தோ! உள்ளங்கை கோடையிலே வற்றிய ஏரியைப் போல வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளிலே நீர் கசிந்தது. விரலிடுக்குகள் சிவந்து தடித்திருந்தன. மணிக்கட்டுக்கு மேலே, சொறிந்து சொறிந்து தோல் கறுத்திருந்தது. புளி கரைத்தால் எரிச்சல், உப்புத் தொட்டால் துடிப்பு, இரவெல்லாம் அரிப்பு, உறக்கமோ இல்லை.

"எத்தனை நாளாக அம்மா?"

"மூணு வருசமாச்சுங்க ஐயா. நாலு நாள் வேலைக்குப் போகாம இருந்தா ஆறுது. திரும்பச் சட்டியைத் தொட்டா வந்துடுது."

தோழர்களே, இந்தச் சொற்களைக் குறித்துக் கொள்ளுங்கள். பள்ளிப் படிக்கட்டு ஏறாத அந்தத் தாய், தம் நோய்க்குக் காரணம் எது என்பதைத் தாமே கண்டு, தம் வாயாலேயே சொல்லிவிட்டார். வேலையை விட்டால் ஆறுகிறது, தொட்டால் திரும்புகிறது! இதைவிடத் தெளிவான சான்று எந்த ஆய்வுக் கூடத்தில் கிடைக்கும்? ஆனால், அதைக் காதில் வாங்கத்தான் ஆளில்லை.

சோதிடன் காதில் வாங்கினானா? "முற்பிறவியில் பாம்பை அடித்த பாவம், நாகதோஷம், நாகர் சிலைக்குப் பால் ஊற்று" என்றான். ஊற்றினார். உறவினர், "உப்பும் மிளகும் கொட்டு" என்றனர். கொட்டினார். தாயத்துக் கட்டினார், தலைமுடியும் கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் குழாயிலடைத்த களிம்பொன்றைத் தந்தார். பூசிய மூன்று நாள் அடங்கியது. நான்காம் நாள் முன்னிலும் மூர்க்கமாய் எழுந்தது. நியாயவிலைக் கடைக்குச் சென்று விரலை வைத்தார், கருவி மறுத்தது. துடைத்து வைத்தார், மறுத்தது. பத்து விரலையும் வைத்துப் பார்த்து, "வேறொரு நாள் வாருங்கள்" என்று திருப்பியனுப்பிவிட்டனர்.

இத்தனையும் சொல்லிவிட்டு, "எல்லாம் தலையெழுத்துங்க ஐயா. அதான் என் பேருக்கு இவனை அனுப்புறேன், கலவை அள்ளிக் கொடுக்க" என்றார்.

தாயின் கை போயிற்று. மகனின் கை புறப்பட்டது! பதின்மூன்று வயதுக் கை! பேனா பிடிக்கவேண்டிய கை!

யார் எழுதிய எழுத்து இது? தலையிலே எழுதப்பட்டதா, அல்லது கையிலே ஏற்றப்பட்டதா? ஆராய்வோம், வாரீர்!

இத்தாலி நாட்டிலே பெர்னார்டினோ இராமாட்சினி என்றொரு மருத்துவர் இருந்தார். தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் பழங்கால மருத்துவர்கள் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னுமொரு கேள்வியைச் சேர்க்கவேண்டும் என்றார் அவர். என்ன கேள்வி? "நீ என்ன தொழில் செய்கிறாய்?" அவ்வளவுதான்! முந்நூறு ஆண்டுகள் கடந்தன. அந்தக் கேள்வி நம் ஊர் எல்லையை இன்னும் எட்டவில்லை. அந்தத் தாயிடம் நட்சத்திரம் கேட்டார்கள், ராசி கேட்டார்கள், குலதெய்வம் எது என்று கேட்டார்கள். "என்ன வேலை செய்கிறாய்?" என்று ஒருவரும் கேட்கவில்லை!

கேட்டிருந்தால், சிமிட்டி என்ற விடை வந்திருக்கும். சிமிட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி பிறந்திருக்கும்.

1824ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்காரர் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமிட்டிக்கு உரிமை பெற்றார். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்துச் சூளையிலே சுட்டு ஆக்கும் பொருள் அது. இன்றைய சூளையில் வெப்பம் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு. அந்தக் கல்லிலும் மண்ணிலும் குரோமியம் என்னும் உலோகம் சிறிதளவு ஒளிந்திருக்கிறது. மண்ணிலே கிடந்தவரையில் அது பெரிதாக யாரையும் வருத்தவில்லை. சூளையின் அனலிலே, காற்றும் காரமும் கூடிய இடத்திலே, அதில் ஒரு பகுதி உருமாறுகிறது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாகிறது. உருமாறிய அந்தக் குரோமியம் நீரில் எளிதாகக் கரையும்; தோலை எளிதாக ஊடுருவும். மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றிக் கலக்கும்போது, கலவை நீரிலே அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து நிற்கிறது. அதிலேதான் நம் தாய்மார் வெறுங்கையை விடுகிறார்கள்!

சிமிட்டி கையைத் தாக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, அதன் காரம். ஈரச் சிமிட்டி தோலை அரிக்கும். நெடுநேரம் ஒட்டிக் கிடந்தால் பொசுக்கியும் விடும். மணல் உராய்ந்து ரேகையைத் தேய்க்கும். இது எவர் கையையும் விடாது. மற்றொன்றோ நயவஞ்சகமானது. காரத்தால் காவல் குலைந்த தோலின் வழியே குரோமியம் உள்ளே நுழைகிறது. உடலின் புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. பகைவனை அடையாளங் கண்டு எதிர்ப்பதற்காக உடலிலே காவற்படை அணுக்கள் உள்ளன அல்லவா? குரோமியம் பிணைந்த புரதத்தைப் பகைவன் என்று அவை முடிவு செய்துவிட்டால், அதன் பிறகு மறப்பதில்லை. மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ அந்த முடிவு நேரலாம். நேர்ந்தபின், துளியளவு பட்டாலும் தோலில் போர் மூள்கிறது. சிவப்பு, வீக்கம், கொப்புளம், கசிவு, வெடிப்பு! இதற்குத்தான் ஒவ்வாமை என்று பெயர்.

இது ஊகமா? அல்ல, அல்ல! 1895ஆம் ஆண்டில் யோசப் யாதாசோன் என்ற மருத்துவர், ஐயத்துக்குரிய பொருளைத் தோலில் ஒட்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் முறையை விளக்கினார். ஒட்டுச் சோதனை என்பது அதுதான். 1950ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜேகர், பெல்லோனி ஆகிய இருவர், சிமிட்டியால் கைப்புண் கண்ட தொழிலாளரை அந்தச் சோதனைக்கு உட்படுத்தினர். ஒட்டியது குரோமிய உப்பு. பெரும்பாலோரின் தோல் சிவந்து எழுந்து, குற்றவாளியைச் சுட்டிக் காட்டியது! இன்றும் அதே சோதனைதான். பொட்டாசியம் டைகுரோமேட்டை நூற்றுக்கு அரைப்பங்கு அளவில் களிம்பிலே கலந்து, முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். பின்னும் ஒரு முறை பார்க்கிறார்கள். சோழி உருட்டவேண்டியதில்லை; ஓலைச்சுவடி புரட்டவேண்டியதில்லை. தோலே சாட்சி சொல்கிறது!

இங்கே கர்மவாதி எழுந்து, தன் கடைசி அம்பை எய்கிறான். "நல்லது. ஒரே கட்டடம், ஒரே சிமிட்டி, நாற்பது சித்தாள்கள். நாற்பது பேருக்கும் வரவில்லையே! இவளுக்கு மட்டும் வருவானேன்? முன்வினைதானே வேறுபாடு?"

கேள்வி கூர்மையானது. இதை நகைத்துத் தள்ளிவிடக் கூடாது. நோய் எல்லாருக்கும் வந்தால் மக்கள் காரணத்தைத் தேடுவார்கள்; சிலருக்கு மட்டும் வந்தால் பாவத்தைத் தேடுவார்கள். இந்தச் "சிலருக்கு மட்டும்" என்ற இடுக்கிலேதான் விதி குடியேறுகிறது. ஒவ்வாமையோ சிலரைத் தாக்கும், சிலரை விடும். ஒருவர் உடல் இன்று பகை கொள்ளும்; இன்னொருவர் உடல் பத்தாண்டு கழித்துப் பகை கொள்ளும்; மற்றொருவர் உடல் கொள்ளாமலே போகும். பிறப்பிலே அமைந்த உடல் வேறுபாடும், தோலில் ஏற்கெனவே உள்ள வெடிப்பும், கை நனைந்த நேரமும், கலவையிலுள்ள குரோமியத்தின் அளவும் கூடித்தான் அதை முடிவு செய்கின்றன. மழையிலே நாற்பது பேர் நனைந்தார்கள். நால்வருக்குச் சளி பிடித்தது. நால்வரும் முற்பிறவியில் பாம்பை அடித்தவர்களா?

கர்மவாதியை விட்டுவிடுவோம், அவன் கிழவன், அவன் காலம் கழிகிறது. அவனைவிட ஆபத்தானவன் ஒருவன் புதிதாகப் புறப்பட்டிருக்கிறான். காற்சட்டை அணிந்தவன், கணக்குப் படித்தவன், ஒப்பந்ததாரரின் பக்கத்தில் நிற்பவன். அவன் முன்வினை என்று சொல்லமாட்டான், அது அநாகரிகம்! "உனக்கு அலர்ஜி. உன் உடம்புக்குச் சிமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. நாளை முதல் வராதே" என்கிறான்.

விஞ்ஞானச் சொல்தான். வியன்னா நகர மருத்துவர் பிர்க்கே 1906ஆம் ஆண்டில் ஆக்கித் தந்த சொல். ஆனால், அதைக் கையாளும் விதத்தைப் பாருங்கள்! பழையவன், குற்றம் உன் முற்பிறவியில் என்றான். புதியவன், குற்றம் உன் உடம்பில் என்கிறான். இருவருமே கலவையைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. கையுறை தராதவனைச் சொல்லவில்லை. இருவர் தீர்ப்பிலும் குற்றவாளி அந்தத் தாய்தான்! விதி வேட்டி களைந்து காற்சட்டை மாட்டிக்கொண்டு வந்தால், அது விஞ்ஞானமாகிவிடுமா?

குற்றம் உடம்பிலா, சிமிட்டியிலா என்பதற்கு ஒரு நாடே சோதனைக் கூடமாக நின்று விடை தந்திருக்கிறது. டென்மார்க்கு நாட்டார் 1981ஆம் ஆண்டில் தம் சிமிட்டியில் ஒரு பொருளைச் சேர்க்கத் தொடங்கினர். அது ஆறு இணைதிறன் குரோமியத்தை, நீரில் எளிதிற் கரையாத மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றிவிடும். பத்து இலட்சம் பங்குச் சிமிட்டியில் கரையும் குரோமியம் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1983ஆம் ஆண்டில் விதித்தனர். பின்னர்த் தொழிலாளரைச் சோதித்தபோது, குரோமிய ஒவ்வாமை பெரிதும் குறைந்திருந்தது. அதே நாட்டு மக்கள். அதே வகை உடம்பு. மாறியது எது? சிமிட்டி! 1981க்குப் பின் டென்மார்க்குக்காரர்களின் முற்பிறவிப் பாவம் திடீரெனக் கரைந்துவிட்டதா? கரையாமற் போனது குரோமியம். அதனால் காப்பாற்றப்பட்டது கை! 2005ஆம் ஆண்டு சனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அந்த 2 பங்கு வரம்பு சட்டமாயிற்று.

அவர்கள் சேர்த்த அந்தப் பொருள் என்ன? தங்க பஸ்பமா? இரும்புச் சல்பேட்டு! நம் நாட்டு மருந்துக் கடையிலே அன்னபேதி என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதேதான்! நூற்றுக்கு அரைப்பங்குக்கும் குறைவாகச் சேர்த்தாலே பொதுவாகப் போதும். ஐம்பது கிலோ மூட்டைக்குக் கால் கிலோவும் ஆகாது. நாட்பட்டால் அதன் வீரியம் குன்றும். ஆகவே, மூட்டை கட்டிய தேதியையும், எத்தனை நாள் வரையில் அதன் காப்பு நிற்கும் என்பதையும் அச்சிடவேண்டும் என்றும் ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது. நம் பாட்டன்மார் செந்தூரம் செய்த அன்னபேதி அங்கே தொழிலாளியின் கையைக் காக்கிறது. இங்கே நாம் அந்தக் கைக்கு நாகர் சிலையைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்!

சிமிட்டி மட்டுமா? இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் கூடங்களிலும் குரோமிய உப்பு புழங்குகிறது. பதனிட்ட தோலிலும் அது தங்குகிறது. இதிலே நாம் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. குரோமியத்துக்குப் பகையாகிப்போன கையைக் காப்பதாக எண்ணித் தோற் கையுறை வாங்கிக் கொடுத்தால், அந்தக் கையுறையே நோயைத் தூண்டிவிடலாம்! தோற் செருப்பும் காலைப் புண்ணாக்கலாம். நல்ல மனம் மட்டும் போதாது தோழர்களே, நல்லறிவும் வேண்டும். ரப்பர் கையுறை, அதன்கீழ் உலர்ந்த கை, ரப்பர் காலணி, இவையே வேண்டும். கையுறைக்குள் கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவவேண்டும். இல்லையேல் கையுறையே கலவைத் தொட்டியாகிவிடும். கழுவும் நீர் தூய நீராக வேண்டும். கரணை கழுவிய வாளித் தண்ணீர் ஆகாது.

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு! குரோமியத்தால் விளையும் நோயைத் தொழில் நோய் என 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை ஏற்றது. அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் குரோமியப் புண்ணை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வைத்தது. அச்சட்டங்களின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டங்கள் வந்தபோதும் பட்டியல் தொடர்ந்தது. கட்டுமானத் தொழிலாளருக்கென 1994ஆம் ஆண்டில் நல வாரியம் கண்ட நாடு நம் தமிழ்நாடு. ஏட்டிலே எல்லாம் இருக்கிறது. ஆனால், கட்டட வேலை இன்று ஒரு தெருவில், நாளை ஒரு தெருவில். இன்று ஒரு மேஸ்திரி, நாளை ஒரு மேஸ்திரி. பதிவேட்டிலே பெயரில்லாத கைக்கு எந்த அட்டவணை ஆதரவு தரும்? "என்ன தொழில்?" என்று கேட்காத மருத்துவர் எந்த நோயை அரசுக்கு அறிவிப்பார்? நோயைத் தோஷம் என்று எண்ணும் தாய் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவார்? மூடநம்பிக்கை வெறும் அறியாமையன்று, தோழர்களே! சுரண்டுகிறவனுக்கு அது செலவில்லாத காவலாளி! பால் ஊற்றும் செலவு சித்தாளுடையது; கையுறை வாங்கும் செலவு ஒப்பந்ததாரருடையது. எது மிச்சம் என்று அவருக்கா தெரியாது?

பகுத்தறிவு மேடையிலே "விதி இல்லை" என்று முழங்கிவிட்டு வீடு திரும்புவது எளிது. நாமும் அப்படித் திரும்பியவர்கள்தாம். அந்தத் தாயின் எதிரே நின்றபோது, நம் சொற்கள் எவ்வளவு வெறுமையானவை என்று உணர்ந்தோம். விதி இல்லை என்று சொன்னால் மட்டும் வெடிப்பு மூடுமா? தலையெழுத்தைப் பறித்துக்கொண்டால், அந்த இடத்திலே வைக்கக் காரணம் வேண்டும். காரணத்தோடு கையுறையும் வேண்டும்!

ஆகவே, இளைஞர்களே! உங்கள் ஊரிலே நடக்கும் கட்டட வேலைக்குச் செல்லுங்கள். நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை பேர் கலவை தொடுகிறார்கள், எத்தனை கை வெடித்திருக்கிறது, வேலை நின்றால் ஆறுகிறதா, தொட்டால் திரும்புகிறதா என்று கேட்டுக் குறியுங்கள். இராமாட்சினியின் கேள்வி உங்கள் வாயிலிருந்து பிறக்கட்டும்! வெடித்த கையைத் தாயத்துக்கும் கடைக் களிம்புக்கும் விடாமல், தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, "சிமிட்டி வேலை" என்பதைச் சீட்டிலே எழுதச் சொல்லுங்கள். ஒட்டுச் சோதனை மாவட்ட அரசு மருத்துவமனைதோறும் கிடைக்கவேண்டும் எனக் கேளுங்கள். கையுறையும் தூய நீரும் சோப்பும் கூலியோடு சேர்ந்த உரிமை. ஒப்பந்ததாரரின் கருணையன்று என்று எடுத்துச் சொல்லுங்கள். நல வாரியத்தில் பெயரைப் பதிவு செய்து கொடுங்கள். நம் நாட்டுச் சிமிட்டி மூட்டை ஒவ்வொன்றிலும், "கரையும் குரோமியம் இவ்வளவு, அன்னபேதி சேர்த்த நாள் இது" என்று அச்சிட்டாகவேண்டும் எனக் குரல் எழுப்புங்கள்! ஒவ்வாமை கண்டவருக்கு, "நாளை முதல் வராதே" என்பது விடையாகாது; கலவை தொடாத மாற்று வேலையும் இழப்பீடும்தான் விடை!

நாம் செய்தது மிகச் சிறிது. அந்தத் தாயை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். முதுகிலே ஒட்டினார்கள், இரண்டு நாளில் குரோமியம் ஒட்டிய இடம் சிவந்து எழுந்தது. "பாம்பும் இல்லை, பாவமும் இல்லை. சிமிட்டியில் இருக்கும் சரக்கு அம்மா இது" என்று மருத்துவர் சொன்னபோது, அவர் நம்மைப் பார்த்து, "அப்ப, நான் ஒண்ணும் தப்புப் பண்ணலைங்களா ஐயா?" என்றார். மூன்றாண்டுக் காலம் கையோடு சேர்த்து மனத்தையும் அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது!

கை இன்னும் முழுதாக ஆறவில்லை, நாளாகும். இனி அவர் ஈரச் சிமிட்டியைத் தொடலாகாது. மாற்று வேலையோ இன்னும் கிடைத்தபாடில்லை. மகன் பள்ளிக்கு வருகிறான். வாரத்தில் நான்கு நாள். ஐந்தாம் நாள் எங்கே போகிறான் என்பது நமக்குத் தெரியும். நேற்று அவன் கரும்பலகையிலே கணக்குப் போட்டபோது, அந்தக் கையைக் கண்டோம். விரலிடுக்கிலே இலேசான சிவப்பு. ரேகை இன்னும் அழியவில்லை.

அழிய விடப்போகிறோமா?